ஏழு நாளில் எழுத்தில் பதில் வந்ததா?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டர் நகர மருத்துவமனை ஒன்றில் எனக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. கணவர், நான்கு வயது மகன், ஒன்றரை வயது மகள் எல்லோரும் சேர்ந்து போக வேண்டியிருந்ததால், திருநெல்வேலியில் இருந்தபடியே வீடியோ காலில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றைப் பேசி முடித்தோம். வாடகை மாதம் 1,200 பவுண்டு. ஏஜென்ட் கேட்டபடி, லண்டனில் இருக்கும் என் அத்தான் தன் கணக்கிலிருந்து ஹோல்டிங் டெபாசிட் 600 பவுண்டும், விண்ணப்பக் கட்டணம் 150 பவுண்டும் கட்டினார். தெரிந்தவர்கள் சொன்னதைக் கேட்டு விண்ணப்பத்தில் ஒரு குழந்தை என்று மட்டும் எழுதினோம். பிறகு ஏஜென்ட் போன் செய்து, 'இரண்டு குழந்தைகளாமே, ஓனர் தரமாட்டார்' என்று சொல்லிவிட்டார். பணம் திரும்பவில்லை. போன் மாற்றியதில் வாட்ஸ்அப் பேச்சும் போய்விட்டது. மாதங்கள் ஓடிவிட்டன. பணம் கிடைக்குமா? அடுத்த வீடு பார்க்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வாசகி இழந்திருப்பதாக நினைக்கும் 750 பவுண்டு, சட்டத்தின் கண்ணில் ஒரே தொகை அல்ல, மூன்று. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் பாதி வழக்கு அங்கேயே தெளிந்துவிடும்.

இங்கிலாந்தில் 2019 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைதாரர் கட்டணச் சட்டம், வீடு தேடி வருபவரிடம் ஏஜென்ட்டோ உரிமையாளரோ எதையெல்லாம் வாங்கலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறது. பட்டியலில் இல்லாத எதையும் வாங்கக் கூடாது. விண்ணப்பக் கட்டணம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே 150 பவுண்டு வாங்கியதே தவறு. நம்மூரில் டோக்கன் அட்வான்ஸ் என்று கொடுப்பதைப் போன்ற ஹோல்டிங் டெபாசிட்டுக்கு அனுமதி உண்டு. ஆனால் ஒரு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. 1,200 பவுண்டை 12 மாதத்தால் பெருக்கி 52 வாரத்தால் வகுத்தால் 276.92 பவுண்டு வரும். வாசகியிடம் வாங்கியது 600. மிச்சமுள்ள 323.08 பவுண்டும் தடைசெய்யப்பட்ட தொகைதான். விண்ணப்பத்தில் வாசகி என்ன எழுதியிருந்தாலும், யார் மீது தவறு இருந்தாலும், இந்த இரண்டும் சேர்ந்த 473.08 பவுண்டைத் திருப்பிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

வழக்கு உண்மையில் நிற்பது மீதமுள்ள 276.92 பவுண்டில். அதைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பணத்தைத் தரமாட்டோம் என்பதற்கான காரணத்தை ஏஜென்ட் ஏழு நாளுக்குள் எழுத்தில் தந்தாரா?

ஹோல்டிங் டெபாசிட் கைக்கு வந்த நாளையும் சேர்த்துப் பதினைந்தாவது நாள், ஒப்பந்தம் போடுவதற்கான கெடு. இரு தரப்பும் எழுத்தில் வேறு தேதி பேசிக்கொள்ளலாம். கெடு தாண்டியும் ஒப்பந்தம் போடவில்லை என்றாலோ, அதற்கு முன்பே உரிமையாளர் பின்வாங்கினாலோ, ஏழு நாளில் பணம் திரும்ப வேண்டும். திருப்பாமல் வைத்துக்கொள்ள நான்கு காரணங்கள் அவர்களுக்கு உண்டு. விண்ணப்பித்தவரே விலகிக்கொண்டது ஒன்று. பொய்யான அல்லது திசைதிருப்பும் தகவல் தந்தது இன்னொன்று. குடியேற்றச் சட்டப்படி வாடகைக்கு இருக்கும் தகுதி இல்லாமல் போனது மூன்றாவது. ஒப்பந்தம் போடத் தேவையான வேலைகளைச் செய்யாமல் இழுத்தடித்தது நான்காவது. இவற்றில் எது பொருந்தினாலும், அதை அந்த ஏழு நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால், காரணம் நியாயமானதாகவே இருந்தாலும் பணத்தைத் திருப்பித்தான் ஆக வேண்டும். போனில் சொன்னது எழுத்து ஆகாது.

இங்கே வாசகி கவனிக்காமல் விட்ட ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த அறிவிப்பு போக வேண்டியது பணம் கட்டியவருக்கு. பணம் கட்டியவர் அத்தான். ஏஜென்ட் அவருடைய மின்னஞ்சலுக்கு நான்கு வரி எழுதி அனுப்பியிருந்து, அவர் அதைத் திறந்தே பார்க்காமல் இருந்திருக்கலாம். எனவே வாசகி முதலில் செய்ய வேண்டியது, அத்தானின் இன்பாக்ஸையும் ஸ்பாம் பெட்டியையும் தேடச் சொல்வதுதான். அங்கே ஒன்றும் இல்லை என்று உறுதியானால் 750 பவுண்டையும் முழுதாகக் கேட்கலாம். அப்படி ஒரு மின்னஞ்சல் இருந்தால், அதன் தேதியையும் அதில் சொன்ன காரணத்தையும் வைத்துத்தான் மேற்கொண்டு பேச முடியும். அத்தான் கட்டியதாலேயே உரிமை போய்விடாது. வாடகைதாரருக்காக வேறொருவர் கட்டும் பணத்தையும் சட்டம் காக்கிறது.

இனி, வாசகிக்குப் பிடிக்காத சில விஷயங்களையும் சொல்லியாக வேண்டும். தேதியை நம்பி நிற்கும் ஒரு வழக்கைப் பற்றிய கடிதத்தில் ஒரு தேதிகூட இல்லை. பணம் என்று போனது, ஏஜென்ட் என்று அழைத்தார், லெஸ்டருக்கு என்று பயணம், எதுவும் இல்லை. 'மாதங்கள் ஓடிவிட்டன' என்ற வரியை எந்தத் தீர்ப்பாயத்திலும் ஆவணமாகத் தர முடியாது. வெளிநாட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் விசா, டிக்கெட், குழந்தையின் தடுப்பூசி அட்டை வரைக்கும் ஃபைல் போட்டு வைக்கிறார்கள். வீட்டுக்குக் கட்டிய பணத்தின் கதையை மட்டும் வாட்ஸ்அப்பை நம்பி விட்டுவிடுகிறார்கள். போன் மாறினால் அந்தக் கதையும் மாயமாகிவிடுகிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய குடும்பங்களுக்கு 600 பவுண்டு கேட்கப்படுவது வினோதமாகத் தோன்றுவதில்லை. அதனால் ஏன் என்று கேட்பதும் இல்லை, ரசீது வாங்குவதும் இல்லை.

விண்ணப்பத்தில் ஒரு குழந்தையை மறைத்தது அதைவிடப் பெரிய தவறு. ஏஜென்ட்டிடம் இருக்கக்கூடிய ஒரே வலுவான ஆயுதத்தை வாசகியே எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதற்கு அவசியமும் இருக்கவில்லை. இங்கிலாந்தின் 1985 வீட்டுவசதிச் சட்டத்தின் நெரிசல் கணக்கில், ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை எண்ணிக்கையிலேயே வராது. ஒரு வயது முடிந்து, பத்து வயது நிரம்பாத குழந்தை அரை ஆள். கணவன் மனைவி இருவர், இரண்டு அரை ஆட்கள், ஆக மூன்று. படுக்கையறை மட்டுமல்ல, கூடமும் அறைக் கணக்கில் வரும். போதிய அளவுள்ள மூன்று அறைகள் இருந்தால் ஐந்து ஆள் வரை இருக்கலாம். உண்மையை எழுதியிருந்தாலும் வீடு சிறியது என்று சட்டத்தைக் காட்டி மறுத்திருக்க முடியாது.

ஓனர் குழந்தைகளைக் காரணம் காட்டியது சரியா என்பதற்கும் தேதிதான் பதில். 2025 அக்டோபர் 27 அன்று அரச ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டத்தின் முதல் கட்டம், தனியார் வாடகை வீடுகளுக்கு 2026 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதற்காக வீடு மறுப்பதை அது தடுக்கிறது; மீறினால் உள்ளூர் மன்றம் 7,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். விதிவிலக்குகளும் உண்டு. மறுப்பு அந்தத் தேதிக்கு முன்பு நடந்திருந்தால் இந்தப் பாதுகாப்பை வாசகி கோர முடியாது. ஹோல்டிங் டெபாசிட் பற்றிய விதிகள் மட்டும் 2019 முதலே இருப்பதால் அந்தக் கோரிக்கை பாதிக்கப்படாது.

தொலைந்த ஆதாரங்களை ஓரளவு மீட்கலாம். அத்தானின் வங்கி அறிக்கையில் தொகையும் தேதியும் இருக்கும். ஏஜென்ட்டிடம் தன்னைப் பற்றி உள்ள பதிவுகளின் நகலைக் கேட்க, பிரிட்டனின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி வாசகிக்கு உரிமை உண்டு. பொதுவாகக் கட்டணம் கிடையாது. ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அவர் நிரப்பிய விண்ணப்பமும், அவருக்குப் போன மின்னஞ்சல்களும் அந்த வழியில் கைக்கு வரலாம். அது வந்த பிறகு, தொகையைப் பிரித்துக் காட்டி, பதினான்கு நாள் அவகாசம் கொடுத்து ஏஜென்ட்டுக்கு மின்னஞ்சலில் கோரிக்கை அனுப்பலாம். பதில் இல்லை என்றால் உள்ளூர் மன்றத்தின் வணிகத் தரக் கண்காணிப்புப் பிரிவில் புகார் செய்யலாம். பணத்தை மீட்க, சொத்து வழக்குகளை விசாரிக்கும் முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். இங்கிலாந்தில் ஏஜென்ட்டுகள் அரசு அங்கீகரித்த குறைதீர்ப்பு அமைப்பு ஒன்றில் உறுப்பினராக இருப்பது கட்டாயம், அங்கேயும் போகலாம். அந்த அமைப்புகளுக்குத் தனிக் காலக்கெடு உண்டு என்பதால் இனியும் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்த வீட்டுக்கு வருவோம். குடும்பமாகப் போகிறவர்கள் சட்டத்தைவிட முதலில் முட்டிக்கொள்வது ஏஜென்ட்டுகளின் வருமானக் கணக்கில். ஆண்டு வருமானம் மாத வாடகையைப் போல் முப்பது மடங்கு இருக்க வேண்டும் என்பது அங்கே பரவலான வழக்கம், சட்டம் அல்ல. 1,200 பவுண்டு வாடகைக்கு 36,000 பவுண்டு வேண்டும். தேசிய சுகாதாரச் சேவையில் ஐந்தாம் பிரிவு நர்ஸின் தொடக்கச் சம்பளம் 2025–26இல் 31,049 பவுண்டு. இங்கிருந்து போகும் நர்ஸ்கள் செய்முறைத் தேர்வு முடித்துப் பதிவு எண் வாங்கும் வரை அதற்கும் கீழான பிரிவில் இருப்பது வழக்கம். ஒரு சம்பளத்தில் இந்த வாடகை எட்டாது என்பதைக் கிளம்பும் முன்பே கணக்கிட்டுவிட வேண்டும். முன்பெல்லாம் இந்தக் குறையை ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கொடுத்துச் சரிக்கட்டினார்கள். 2026 மே 1 முதல் அந்த வழியும் மூடப்பட்டுவிட்டது: ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் வாடகையே வாங்கக் கூடாது, கையெழுத்தான பிறகும் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணமாகக் கேட்கக் கூடாது. இதை மீறிக் கேட்கிறவர் யாராக இருந்தாலும் விலகி நிற்பது நல்லது. ஆகவே பிரிட்டனிலேயே வசிக்கும் ஜாமீன்தாரர், வேலை நியமனக் கடிதம், கணவரின் வேலை வாய்ப்பு ஆகியவைதான் இனிக் கைகொடுக்கும். அத்தான் ஜாமீன் நிற்க முன்வந்தால், வாடகை நின்றால் அது அவர் தலையில் விழும் என்பதை அவருக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னும் கிளம்பவில்லை என்றால், மருத்துவமனை ஆரம்ப வாரங்களுக்குத் தங்குமிடம் தருமா என்று கேட்டு, தந்தால் முதலில் அங்கே தங்கி, வீட்டை நேரில் பார்த்த பிறகே பணம் கட்டுவது உத்தமம். மகனுக்குப் பள்ளி இடம் கேட்கவும் உள்ளூர் மன்றத்தில் முகவரி காட்ட வேண்டியிருக்கும் என்பதால் அவசரம் புரிகிறது. அந்த அவசரத்தைத்தான் மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். குடியேறும் முன் வயதுவந்த ஒவ்வொருவரின் குடியேற்றத் தகுதியையும் உரிமையாளர் சரிபார்க்க வேண்டும். வாசகியும் கணவரும் தங்கள் மின்-விசாவிலிருந்து பகிர்வுக் குறியீடு எடுத்துக் கொடுத்தால் போதும், குழந்தைகளுக்கு இது தேவையில்லை. டெபாசிட் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. 1,200 பவுண்டு வீட்டுக்கு அது 1,384.61 பவுண்டு. கட்டிய முப்பது நாளுக்குள் அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்து, விவரத்தை எழுத்தில் தர வேண்டும். தவறினால் நீதிமன்றம் டெபாசிட் தொகையைப் போல் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை தரச் சொல்லும்.

இங்கே சொன்னவை எல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் வடக்கு அயர்லாந்துக்கும் விதிகள் வேறு. ஆவணம் எதையும் பார்க்காமல், ஒரு கடிதத்தை மட்டும் படித்துத் தரும் பதில் இது. இதை நம்பி மனுத் தாக்கல் செய்யக் கூடாது. வாசகி இங்கிலாந்தில் பதிவுபெற்ற சொலிசிட்டர் ஒருவரை நேரில் பார்க்க வேண்டும். செலவுக்குத் தயங்கினால் 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்', 'ஷெல்டர்' போன்ற அமைப்புகள் இலவச ஆலோசனை தருகின்றன. போகும்போது அத்தானின் வங்கி அறிக்கை, விண்ணப்பத்தின் நகல், வீட்டு விளம்பரம், போன் அழைப்புப் பட்டியல் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்ல வேண்டும். விண்ணப்பத்தில் எழுதிய பொய்யை ஆலோசனை தருபவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எதிர்த்தரப்பின் வாயிலிருந்து அவர் அதைத் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது.