விசா வேண்டாம் என்றாலும் படிவம் வேண்டும்

மலேசியாவுக்குச் செல்லும் இந்தியருக்கு 2023 டிசம்பர் 1 முதல் விசா தேவையில்லை. முப்பது நாள்வரை தங்கலாம். சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சலுகை வந்த அடுத்த மாதமே, 2024 ஜனவரி 1 முதல், இணையவழி வருகை அட்டை கட்டாயமாயிற்று. தாய்லாந்து 2025 மே 1 முதல் அதே முறைக்கு மாறியது. சிங்கப்பூருக்கு விசாவும் வேண்டும், வருகை அட்டையும் வேண்டும். விமானத்தில் பேனா கடன் வாங்கி நிரப்பிய தாள் இப்போது வீட்டிலேயே கைப்பேசியில் முடிக்க வேண்டிய வேலை.

புதுக்கோட்டைச் சீமையிலிருந்து நாகப்பட்டினம் போய் ‘ரஜூலா’ கப்பலேறிய தலைமுறைக்குப் பினாங்குக் கரையில் ‘தாள்கள் எங்கே’ என்ற கேள்வி எழும். இன்று புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், புதுக்கோட்டைச் சாலையிலேயே உள்ள திருச்சி விமான நிலையத்தில் அந்தக் கேள்வி எழுகிறது. தகுதியில்லாத பயணியை ஏற்றிச் சென்றால், அவரைத் திருப்பி அழைத்துவரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. ஆகவே போர்டிங் பாஸ் தருமுன் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். வழியனுப்ப வந்த உறவுகள் வெளியே நிற்க, கவுண்டர் முன்னால் அட்டை நிரப்பும் பதற்றம் யாருக்கும் வர வேண்டியதில்லை.

பாஸ்போர்ட்டில் ஆறு மாதச் செல்லுபடி இருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். சறுக்குவது பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில். பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு, சிறுவர்களுக்கு ஐந்தே ஆண்டு. குடும்பமாகக் கிளம்பும்போது முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் புத்தகத்தைத்தான்.

அடுத்தது பெயர். குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லாததால், பலருடைய பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் நுழைவில்லை என்றது. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாகப் பிறகு விளக்கம் வந்தது. புதிதாக விண்ணப்பிப்பவர்கள் இனிஷியலை விரித்து, தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிடுவது நல்லது. பயணச்சீட்டிலும் விசாவிலும் அட்டையிலும் அதே எழுத்துக் கூட்டல் வர வேண்டும்.

வருகை அட்டையைச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அனுப்ப வேண்டும்; சிங்கப்பூருக்கு இறங்கும் நாளும் அந்த மூன்றில் சேரும். இங்கே கவனம் தேவை: திருச்சியிலிருந்து இரவில் கிளம்பும் விமானம் மறுநாள் இறங்கலாம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. படிவம் கேட்பது இறங்கும் தேதியை. பாஸ்போர்ட் எண் ஒரு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கங்களும் கொண்டது. அதிலுள்ள சுழியத்தை ‘ஓ’ என்ற எழுத்தாகத் தட்டிவிட்டால் அட்டையும் பாஸ்போர்ட்டும் பொருந்தாது. சிங்கப்பூரில் தங்கும் முகவரியின் ஆறு இலக்க அஞ்சல் எண்ணை உறவினரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

இந்த மூன்று அட்டைகளுக்கும் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அந்தந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையுடையது அல்ல. தேடுபொறியில் முதலில் வருவதெல்லாம் அரசுத் தளம் என்று நம்பிவிடக் கூடாது.

இன்னொன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியாக வேண்டும். விசா இல்லா நுழைவு வேலைக்கானது அல்ல. “முதலில் டூரிஸ்ட்டாகப் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்” என்று சொல்லும் ஏஜென்டை நம்பி நகையை அடகு வைப்பது பெருங்கேடு. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் மலேசியா, வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி தேவை. சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை.

சிங்கப்பூரில் இறங்கியபின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பது, அட்டையில் கொடுத்த மின்னஞ்சலுக்கு இ-பாஸாக வருகிறது. டிராவல்ஸ்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் அது அவரிடம்தான் போய்ச் சேரும்; தன்னுடையதையோ பிள்ளைகளுடையதையோ கொடுக்க வேண்டும். விசாவில் அச்சிட்ட கடைசித் தேதி நுழைவுக்கானது. தங்கும் காலத்தை முடிவு செய்வது அந்த இ-பாஸ்தான்.