பின்வரிசை ஆட்டக்காரர்

நுழையும்முன்

கோல் அடித்தவரின் பெயரை ஊரே சொல்லும். விழவிருந்த கோலைத் தடுத்தவரின் பெயர் பெரும்பாலும் திடலோடு நின்றுவிடும். சென்னையின் எஃப்.சி. அணிக்காக ஆடிய பிரேசில் நாட்டுத் தடுப்பாட்டக்காரர் மெயில்சன் ஆல்வெஸ் பற்றியது இவ்வுரைப்பகுதி.

மாமல்லபுரம், கோவளம் கடற்கரைகளில் மாலை வேளையில் கரையேற்றிய படகுகளுக்கு அருகே சிறுவர்கள் கால்பந்து ஆடுவதைக் காணலாம். அணி பிரிக்கும்போது முன்வரிசைக்கே போட்டி மிகும். ஆட்டத்தில் தேறாதவன் என்று கருதப்படுபவனைப் பின்வரிசையில் நிறுத்துவர். செங்கல்பட்டுப் பள்ளித் திடல்களிலும் இதுவே வழக்கம். மெயில்சனின் ஆட்டத்தை அறிந்தவர் இவ்வழக்கத்தை ஏற்கமாட்டார்.

பிரேசில் என்றதும் பெலேயே நம் நினைவுக்கு வருகிறார். ஆனால், 1970ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற அந்நாட்டு அணிக்குத் தலைமை தாங்கியவர் கார்லோஸ் ஆல்பர்டோ என்னும் வலப்புறத் தடுப்பாட்டக்காரர். இத்தாலிக்கு எதிரான இறுதியாட்டத்தில், பெலே உருட்டிவிட்ட பந்தை ஓடிவந்து உதைத்து நான்காவது கோலை அடித்தவரும் அவரே.

மெயில்சன் அந்த அளவுக்கு உலகப்புகழ் பெற்றவர் அல்லர். அவர் நடுத் தடுப்பாட்டக்காரர். 2015ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் சென்னை அணியில் இடம்பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில் பெருவெள்ளம் சென்னையைச் சூழ்ந்தது; முடிச்சூர் போன்ற பகுதிகள் நீரில் மூழ்கின. சொந்தத் திடலில் நடைபெறவேண்டிய அரையிறுதி ஆட்டம் புனேவுக்கு மாற்றப்பட்டது. அந்நிலையிலும் அணி தளரவில்லை. கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் வென்று முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது.

அவரை நாடறியச் செய்த நாள் 2018 மார்ச் 17. பெங்களூரு அணியின் சொந்தத் திடலான ஸ்ரீ கண்டீரவா அரங்கில் இறுதியாட்டம். ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி தலையால் முட்டிக் கோல் அடித்தார். 17ஆவது நிமிடத்தில் சென்னை அணிக்கு மூலை உதை கிடைத்தது. கிரிகோரி நெல்சன் உதைத்த பந்தை மெயில்சன் உயர எழும்பித் தலையால் முட்டிக் கோலாக்கினார். இடைவேளைக்குச் சற்று முன்னர் மீண்டும் ஒரு மூலை உதை; மீண்டும் அதே தலை, அதே வலை! பின்னர் ரபேல் அகுஸ்டோ மூன்றாவது கோலை அடித்தார். கூடுதல் நேரத்தில் மிக்கு ஒரு கோல் அடித்தபோதும், சென்னை 3–2 என வென்றது.

இதனைத் தற்செயல் என்று கருதுதல் தகாது. எதிரணியின் மூலை உதையின்போது, பந்து எங்கே இறங்கும், எந்த நொடியில் நிலத்தை விட்டு எழ வேண்டும், அருகில் நிற்பவர் எப்பக்கம் நகர்வார் என்பவற்றைத் தடுப்பாட்டக்காரர் கணிக்க வேண்டும். பந்தை வெளியே தள்ளுவதற்காக ஆண்டுக்கணக்கில் பழகிய அதே கணிப்பைத்தான் அன்று மெயில்சன் எதிர்முனையில் பயன்படுத்தினார். முன்கள வீரர் பத்து வாய்ப்புகளைத் தவறவிட்டு ஒன்றைக் கோலாக்கினாலும் பாராட்டப்படுவார். தடுப்பாட்டக்காரரோ பத்தைத் தடுத்து ஒன்றைத் தவறவிட்டால் பழிக்கப்படுவார். இக்கணக்கு நேர்மையானதன்று.

அந்த வெற்றியணியின் நடுக்களத்தில் சென்னையைச் சேர்ந்த தனபால் கணேஷும் ஆடினார். கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் அவர் அடித்த கோலும் இறுதிக்குச் செல்லும் வழியை எளிதாக்கியது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர் அணியின் தடுப்பாட்டக்காரர் ஒருவரைச் சந்தித்து, அவர் தடுத்த கோல்களுள் மறக்கவியலாத ஒன்றைப் பற்றிக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.