ரன் வராத ஏப்ரல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் மெயில் வந்தது. மழை விட்டபாடில்லை, ஆட்டங்கள் தள்ளிப்போகின்றன, நடக்கிற பேஸ்பால் ஆட்டத்திலும் உன் சிகாகோ கப்ஸ் அணி ஒரு ரன், இரண்டு ரன்னோடு முடித்துக்கொள்கிறது, கூடப் படிக்கிறவர்கள் கேலி பேசுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். கடைசி வரியில், ஜெயிக்கிற வேறு அணியைப் பிடித்துக்கொண்டால் என்ன என்று கேட்டிருக்கிறாய். சிகாகோவில் நான் வேலை பார்த்த காலத்தில் இதே கேள்வியை அலுவலகத்தில் ஒவ்வொரு ஏப்ரலிலும் யாராவது கேட்பார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாறாதே. ஏன் என்று சொல்லத்தான் இந்த நீளக் கடிதம்.

ரன் ஏன் வரவில்லை என்று முதலில் பார். கப்ஸின் மைதானமான ரிக்லி ஃபீல்டிலிருந்து மிச்சிகன் ஏரி சுமார் ஒரு மைல்தான். ஏப்ரலில் ஏரித் தண்ணீர் ஐஸ் மாதிரி ஜில்லென்று கிடக்கும். அதன்மேல் படிந்து வருகிற காற்று மைதானத்துக்குள் நுழைந்து அடிப்பவன் முகத்தில் அறையும். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. பந்து அதைக் கிழித்துக்கொண்டு போக முடியாமல் வேகம் குறைந்து விழும். ஜூலையில் மைதானத்துக்கு வெளியே வேவ்லண்ட் அவென்யூவில் போய் விழ வேண்டிய பந்து, ஏப்ரலில் சுவருக்குப் பத்தடி முன்னால் ஃபீல்டர் கையில் அடங்கிவிடும். அடித்தவன் மேல் தப்பே இல்லை. உள்ளே போனதும் சென்டர் ஃபீல்ட் ஸ்கோர்போர்டின் உச்சியில் பறக்கிற கொடிகளைப் பார். அணிகளின் தரவரிசைப்படி அவற்றைக் கட்டியிருப்பார்கள். நீ பார்க்க வேண்டியது அவை எந்தப் பக்கம் பறக்கின்றன என்பதைத்தான். உள்பக்கமாகப் பறந்தால் அன்றைக்கு மூன்று ரன் எடுத்தாலே பெரிது. காற்று திரும்பி வெளியே வீசும் நாளில் அதே மைதானம் வேறு முகம் காட்டும். 1979 மே 17 அன்று பிலடெல்பியா பிலிஸ் 23, கப்ஸ் 22. இரண்டு அணியும் சேர்ந்து 45 ரன். கப்ஸ் தோற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்று வாரத்தை வைத்து ஓர் அணியை எடைபோடாதே. இது 162 ஆட்டங்கள் கொண்ட சீசன். ஐபிஎல் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு 14 ஆட்டம் என்றால் லீக் சுற்றே முடிந்துபோனது. இங்கே 14 ஆட்டம் முடிந்தால் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். 1968. அமெரிக்காவில் இன்றைக்கும் அதைப் பிட்சர்களின் ஆண்டு என்றுதான் சொல்கிறார்கள். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் பாப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ரன் மட்டுமே கொடுத்த ஆண்டு. அப்படி வீசியும் அவர் ஒன்பது ஆட்டங்களில் தோற்றார் என்றால், மட்டை பிடித்தவர்கள் நிலைமையை யோசித்துப் பார். அமெரிக்கன் லீக் முழுவதிலும் 0.300-க்கு மேல் மட்டையடிச் சராசரி வைத்திருந்தவர் ஒரே ஒருவர், பாஸ்டனின் கார்ல் யஸ்ட்ரம்ஸ்கி. அவருக்கும் 0.301தான்.

அந்த ஆண்டு ஜூனில் கப்ஸ் தொடர்ந்து 48 இன்னிங்ஸ் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. ஐந்து முழு ஆட்டங்களுக்கும் மேலே, பூஜ்யத்துக்குப் பின்னால் பூஜ்யம். 1906-இல் பிலடெல்பியா அத்லெடிக்ஸ் வைத்திருந்த மோசமான சாதனையைக் கப்ஸ் சமன் செய்தது. இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த அணியில் யார் யார் இருந்தார்கள் என்பதுதான். எர்னி பேங்க்ஸ், பில்லி வில்லியம்ஸ், ரான் சாண்டோ. மூன்று பேருமே பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர்கள். இப்படிப்பட்ட கைகளாலேயே 48 இன்னிங்ஸ் ஒரு ரன் எடுக்க முடியவில்லை என்றால், இன்றைக்கு உன் அணியில் இருபத்துமூன்று வயதுப் பையன் ஒருவன் பத்து நாள் தடுமாறுவதை வைத்து அவனுக்கு ஆடத் தெரியாது என்று எப்படிச் சொல்வாய்?

அந்த அணியின் பிட்சரை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கும். ஃபெர்குசன் ஜென்கின்ஸ், கனடாக்காரர். அந்த ஒரு சீசனில் மட்டும் ஐந்து ஆட்டங்களை 0-1 என்று இழந்தார். ஆட்டத்துக்கு ஒரே ஒரு ரன் கொடுத்து ஐந்து தோல்வி. சகாக்கள் அந்த ஐந்து ஆட்டத்திலும் அவருக்காக ஒரு ரன்கூட எடுத்துத் தரவில்லை. ஆனாலும் முறை வரும்போதெல்லாம் மேட்டில் ஏறி நின்று வீசினார்; சீசன் முடியும்போது 20 வெற்றி, 15 தோல்வி. 1967-இலிருந்து 1972 வரை ஆறு சீசன்களும் இருபதுக்குக் குறையாத வெற்றிகள். அந்த 1968-இலும் கப்ஸ் 84 ஆட்டம் ஜெயித்து, பத்து அணிகள் இருந்த நேஷனல் லீக்கில் மூன்றாவதாக வந்தது. ஜூனில் விட்டுவிட்டுப் போன ரசிகன் இழந்தது இதைத்தான். ரன் இவ்வளவு வறண்டுபோனதைப் பார்த்து அடுத்த வருஷமே பிட்சர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள்.

ரன் குறைந்த ஆட்டத்தைப் பார்ப்பது தனியாகப் பழக வேண்டிய ஒன்று. எட்டு ரன், பத்து ரன் வரும் ஆட்டத்தில் ஒரு தப்பு நடந்தால் அடுத்த இன்னிங்ஸில் சரிக்கட்டிக்கொள்ளலாம். 0-0 என்று ஆறாவது இன்னிங்ஸுக்குள் போகிற ஆட்டத்தில் ஒவ்வொரு பந்துக்கும் விலை உண்டு. முதல் பேஸில் நிற்பவன் எத்தனை அடி தள்ளி நிற்கிறான், அவனைப் பிட்சர் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறான், கேட்சர் கையுறையை எங்கே வைத்துக் காட்டுகிறான், பந்து அங்கேயே வந்து விழுந்ததா, ஓரடி தள்ளிப் போனதா என்று பார். குளிர் நாளில் பிட்சர் கையையும் கவனி. எச்சில் தொட்டுப் பந்தை ஏமாற்றிவிடக்கூடாது என்பதால் மேட்டில் நிற்கும்போது கையை வாயருகே கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு உண்டு. கடுங்குளிர் நாளில் மட்டும், இரண்டு மேனேஜர்களும் ஒப்புக்கொண்டால், கையில் ஊதிச் சூடேற்றிக்கொள்ள அம்பயர் அனுமதிப்பார். விரல் மரத்துப்போனால் பந்தின் தையலைப் பிடிக்க முடியாது. பிடி நழுவினால் வளைய வேண்டிய பந்து வளையாது. அடிப்பவனுக்கும் அதே குளிர்தான். மட்டையின் கழுத்தில் பந்து பட்டால் உள்ளங்கை முழுக்க விண்ணென்று தெறிக்கும். இவ்வளவுக்கும் நடுவே ஒருவன் பேஸைத் தொட்டுவிட்டால் அது சின்ன விஷயமா?

ஸ்கோர் எழுதிப் பழகு. போன் பார்க்காமல் ஆட்டத்தோடு உட்கார இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மைதானத்திலேயே அட்டை கிடைக்கும். பேனா வேண்டாம், ஈரத்தில் மை ஊறிவிடும், பென்சில் எடுத்துப்போ. ஒன்பது இடங்களுக்கும் எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, பிறகு வெளி ஃபீல்டர்கள் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் பொறுக்கி, இரண்டாம் பேஸுக்குக் கொடுத்து, அங்கிருந்து முதல் பேஸுக்கு வீசி இரண்டு பேரை வெளியேற்றினால் 6-4-3. எழுதிக்கொண்டே வந்தால், ஒன்றுமே நடக்கவில்லை என்று நீ சொல்கிற ஆட்டத்தில் எவ்வளவு நடந்திருக்கிறது என்று தாளே காட்டும்.

மழையையும் ஆட்டத்தின் பங்காகவே எடுத்துக்கொள். கிரிக்கெட்டில் மழை வந்தால் கணக்குப் போட்டு இலக்கை மாற்றிவிடுவார்கள். பேஸ்பாலில் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. மைதானத்தை மூடத் தார்ப்பாய் இழுப்பதைச் சாதாரணமாக நினைக்காதே. 2014 ஆகஸ்ட் 19 அன்று ரிக்லியில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸோடு ஆட்டம், கப்ஸ் 2-0 முன்னிலை. சுமார் கால் மணி நேரம்தான் கொட்டியது. அதற்குள் தார்ப்பாயைச் சரியாக விரிக்க முடியாமல் மண் சேறாகிவிட்டது. நாலரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல், கப்ஸ் ஜெயித்ததாக ஆட்டத்தை முடித்தார்கள். ஜயன்ட்ஸ் முறையிட்டது, மேஜர் லீக் அந்த முறையீட்டை ஏற்றுக்கொண்டது. 1986-க்குப் பிறகு ஏற்கப்பட்ட முதல் முறையீடு அது. இரண்டு நாள் கழித்து விட்ட இடத்திலிருந்து ஆடினார்கள். அப்போதும் கப்ஸ்தான் வென்றது, 2-1. அந்த இரவு ஒரு மணிவரை நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கப்ஸ் 108 ஆண்டு கழித்து வேர்ல்ட் சீரிஸ் வென்ற 2016-ஐ எல்லோரும் பேசுவார்கள். அந்த சீசன் பட்டியலை எடுத்துப் பார்: 103 வெற்றி, 58 தோல்வி, 1 சமன். அந்தச் சமன் செப்டம்பர் 29 அன்று பிட்ஸ்பர்கில் மழையால் 1-1 என்று நிறுத்தப்பட்ட ஆட்டம். அந்தப் பெரிய வருஷத்துக்குள்ளும் உன் ஏப்ரல் மாதிரி ஒரு நாள் இருக்கிறது.

அந்த 2016 அணியில் ஆடிய ஜேசன் ஹேவர்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ உன் மெயிலில் ஓர் ஆட்டக்காரரைப் பற்றி எழுதியிருந்த சொற்கள் எனக்குப் பிடிக்கவில்லை. ஹேவர்டை எட்டு ஆண்டுக்கு 184 மில்லியன் டாலர் பேசி எடுத்தார்கள். முதல் வருஷம் மட்டையில் ஒன்றுமே ஓடவில்லை, சராசரி 0.230. பிளேஆஃப் ஆட்டங்களில் அதைவிட மோசம். ஆனால் வலது ஃபீல்டில் கோல்ட் கிளவ் விருது வாங்கும் அளவுக்கு நின்றார். கிளீவ்லண்டில் வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம், ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து 6-6, கையில் இருந்த முன்னிலை பறிபோய் கப்ஸ் வீரர்கள் முகம் வெளுத்திருந்த நேரம், மழை வந்தது. பதினேழு நிமிடம். அந்தப் பதினேழு நிமிடத்தில் சகாக்களை எல்லாம் உடற்பயிற்சி அறைக்குள் கூப்பிட்டு, நாம்தான் சிறந்த அணி என்று நினைவுபடுத்தியவர் ஹேவர்ட். வெளியே வந்து பத்தாவது இன்னிங்ஸில் இரண்டு ரன் எடுத்து 8-7 என்று ஜெயித்தார்கள். ரன் எடுக்காதவனால் அணிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று இனிமேல் எழுதாதே, மாப்பிள்ளை. திட்டுவதற்கு டிக்கெட் விலை உரிமை கொடுத்துவிடாது.

அந்த வெற்றி நாட்களில் ரிக்லியின் செங்கல் சுவரில் ஜனங்கள் சாக்பீஸால் பெயர்களை எழுதினார்கள். அப்பா, தாத்தா, பாட்டி, அண்ணன் என்று, கப்ஸ் ஜெயிப்பதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தவர்களின் பெயர்கள். கை எட்டும் உயரம் வரை சுவர் நிறைந்தது. எர்னி பேங்க்ஸும் பார்க்கவில்லை. 1953-இலிருந்து 1971 வரை கப்ஸுக்கு மட்டுமே ஆடி, 512 ஹோம் ரன் அடித்து, ஒரே ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடக் கொடுத்துவைக்காதவர், 2015 ஜனவரியில் காலமானார். இன்றைக்கு ரெண்டு ஆட்டம் ஆடலாமே என்று வெயிலிலும் தோல்வியிலும் சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் என்பதற்காகவே அந்த ஊர் அவரைக் கொண்டாடுகிறது. வேறு அணிக்கு மாறினால் உனக்கு வெற்றிகள் கிடைக்கலாம். இந்த மனிதர்களோடு சேர்ந்து உட்காரும் இடம் கிடைக்காது. ஊர் விட்டு ஊர் போன பையனுக்கு அப்படி ஓர் இடம் எவ்வளவு அவசியம் என்று அங்கே இருந்தவன் என்பதால் எனக்குத் தெரியும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அடுத்த ஆட்டத்துக்கு மேல்தளத்துக்குக் கீழே வருகிற பின்வரிசையில் டிக்கெட் எடு. தூண் கொஞ்சம் மறைக்கும். ஆனால் நனைய மாட்டாய். உள்ளே ஒரு ஸ்வெட்டர், வெளியே மழைக்கோட்டு. இந்த ஸ்வெட்டர், மழைக்கோட்டு விஷயத்தை மட்டும் உன் அம்மா என்னிடம் சொல்லச் சொன்னாள். மழையால் ஆட்டத்தைச் சீக்கிரமே கைவிட்டால் டிக்கெட்டைத் தூக்கிப் போடாதே, மறு ஆட்டத்துக்குச் செல்லலாம். பக்கத்தில் பெரியவர் யாராவது ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தால் தயங்காமல் சந்தேகம் கேள். எழுதிய தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. 0-1 என்று தோற்றிருந்தாலும் அனுப்பு.

அன்புடன்,
மாமா