முதலில் ஏடு, பிறகு காடு



"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பார்கள். இந்தப் பழமொழி உங்களுக்குத் தெரியும். புத்தகத்தில் வரைந்த சுரைக்காயைக் குழம்பில் போட முடியாது. உண்மைதான்.

ஆனால் தோட்டத்தில் நல்ல சுரையும் இருக்கும். பேய்ச்சுரையும் இருக்கும். தெரியாமல் பறித்தால் குழம்பு முழுவதும் கசந்துபோகும். எது நல்லது, எது கசப்பு என்று யாராவது சொல்லித்தர வேண்டும். வீட்டில் பாட்டி சொல்லித்தருவார். பாட்டி இல்லாத இடத்தில் புத்தகம் சொல்லித்தரும்.

காட்டைப் பார்க்கப் போவதும் அப்படித்தான். படித்துவிட்டுப் போனால் கண் திறக்கும். காது திறக்கும். இந்தப் பாடத்தில் வட இந்தியாவில் உள்ள இரண்டு பூங்காக்களைப் பற்றிப் படிப்போம். அவற்றோடு சேர்ந்த புத்தகங்களைப் பற்றியும் தெரிந்துகொள்வோம்.

பூங்கா என்றால் பூந்தோட்டமா?

தேசியப் பூங்கா என்று சொல்கிறோம். அது ரோஜாச் செடி வைத்த பூந்தோட்டம் அன்று. கூண்டில் அடைத்த மிருகக்காட்சி சாலையும் அன்று. அது அரசு சட்டப்படி காப்பாற்றும் காடு. ஏரியும் புல்வெளியும்கூடத் தேசியப் பூங்காவாக இருக்கலாம். அங்கே விலங்குகள் தம் விருப்பம்போல் திரியும். வேட்டையாடக் கூடாது. மரம் வெட்டக் கூடாது. நம் நாட்டில் 100-க்கும் மேற்பட்ட தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன.

மிருகக்காட்சி சாலையில் புலி எங்கே இருக்கும் என்று பலகை இருக்கும். காட்டில் பலகை கிடையாது. புலி வந்தால் வரும். வராவிட்டால் இல்லை. பணம் செலவழித்துப் போன பலர், "ஒன்றுமே பார்க்கவில்லை" என்று திரும்பி வருகிறார்கள். அவர்களைச் சுற்றி ஆயிரம் செய்திகள் இருந்தன. படிக்கத்தான் தெரியவில்லை.

புலிக்காடும் ஒரு புத்தகமும்

உத்தரகாண்ட் மாநிலத்தில் இமயமலை அடிவாரத்தில் ஒரு காடு இருக்கிறது. ராம்கங்கா ஆறு அதன் நடுவே ஓடுகிறது. 1936-ஆம் ஆண்டு அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அதுதான். இன்று அதன் பெயர் கார்பெட் தேசியப் பூங்கா. 1973-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் புலிகளைக் காப்பாற்றும் 'புலித் திட்டம்' தொடங்கியதும் இங்குதான்.

யார் இந்தக் கார்பெட்? ஜிம் கார்பெட் 1875-இல் நைனிதாலில் பிறந்தார். சிறு வயது முதல் அந்தக் காடுகளில் சுற்றித் திரிந்தார். மனிதர்களைக் கொல்லும் புலிகளைச் சுட்டுக் கொல்ல ஊர் மக்கள் அவரை அழைப்பார்கள். அந்த அனுபவங்களை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். 1944-இல் அந்தப் புத்தகம் வெளிவந்தது. தமிழில் அதை தி.ஜ.ர. மொழிபெயர்த்திருக்கிறார். அதன் தமிழ்ப் பெயர் 'குமாயுன் புலிகள்'.

அந்தப் புத்தகத்தில் சம்பாவத் என்ற ஊரின் பெண்புலி பற்றிய கதை இருக்கிறது. அந்தப் புலி நேபாளத்திலும் குமாயுன் மலையிலுமாக 436 பேரைக் கொன்றது என்று கார்பெட் எழுதுகிறார். 1907-இல் அதைச் சுட்டு வீழ்த்தினார். பிறகு அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கத்தில் மேலும் கீழும் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம் அது. அதனால் அந்தப் புலியால் மானை வேட்டையாட முடியவில்லை.

முக்தேசர் என்ற இடத்துப் புலியின் கதை வேறு. அது முள்ளம்பன்றியோடு மோதியது. ஒரு கண் போயிற்று. முன்காலில் ஏறக்குறைய ஐம்பது முட்கள் தைத்துக்கொண்டன. ஓட முடியாத அந்தப் புலியும் மனிதரைக் கொல்லத் தொடங்கியது.

புலி பிறக்கும்போதே ஆட்கொல்லியாகப் பிறப்பதில்லை. காயமும் முதுமையும்தான் பெரும்பாலும் காரணம். இதைத்தான் கார்பெட் சொல்கிறார். பிற்காலத்தில் அவர் புலிகளைப் படம் பிடிப்பதில் ஆர்வம் காட்டினார். புலிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசினார். 1955-இல் இறந்தார். அதன் பிறகே பூங்காவுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

இந்தப் புத்தகத்தைப் படித்தவர் காட்டில் என்ன பார்ப்பார்?

மணல் பாதையில் ஒரு தடம் தெரியும். அதில் நகம் பதியவில்லை. நாயின் தடத்தில் நகம் பதியும். புலி நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே இது புலியின் தடம் என்று அவர் ஊகிப்பார். பின்காலின் தடம் ஏறக்குறையச் சதுரமாக இருந்தால் ஆண்புலி. சற்று நீளமாக இருந்தால் பெண்புலி.

திடீரென்று மரத்தின் மேல் மந்தி கத்தும். புள்ளிமான் கூவும். கேளையாடு குரைக்கும். படிக்காதவருக்கு அது வெறும் சத்தம். படித்தவருக்கு அது சேதி. "புலியோ சிறுத்தையோ நடமாடுகிறது" என்று ஒன்றுக்கொன்று எச்சரிக்கை செய்கின்றன. அவர் வண்டியில் அசையாமல் காத்திருப்பார். புலி வராமல்கூடப் போகலாம். ஆனாலும் புலி நடந்த காட்டைப் பார்த்துவிட்டுத்தான் அவர் திரும்புவார்.

பறவைகளின் ஊர்

இப்போது ராஜஸ்தான் மாநிலத்துக்குப் போவோம். பரத்பூர் நகரத்தின் அருகில் கேவலாதேவ் தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் 350-க்கும் மேற்பட்ட பறவை வகைகள் இங்கே காணப்பட்டுள்ளன. 1985-இல் இது உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டது.

முன்பு இது மன்னரின் வேட்டைக்களம். வாத்துகளைச் சுடுவதற்காக விருந்தினர்கள் வருவார்கள். 1938-இல் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டார்கள். அந்தக் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல் இன்றும் பூங்காவுக்குள் நிற்கிறது. போகிறவர்கள் அதையும் படித்துப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தைக் காப்பாற்றப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் சலீம் அலி. அவர் 1896-இல் பம்பாயில் பிறந்தார். தாய் தந்தையை இளம் வயதில் இழந்தார். மாமா வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. "இது என்ன குருவி?" என்று கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே இருந்த அதிகாரி குருவியின் பெயரைச் சொன்னார். படிக்கப் புத்தகங்களும் கொடுத்தார். ஒரு கேள்வியும் சில புத்தகங்களும் அந்தச் சிறுவனைப் பறவை அறிஞராக்கின.

1941-இல் சலீம் அலி இந்தியப் பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு நல்ல வழி இருக்கிறது. பறவையின் அளவைச் சொல்ல, நமக்குத் தெரிந்த பறவையோடு ஒப்பிடுகிறார். சிட்டுக்குருவி அளவா? மைனா அளவா? காகம் அளவா? பருந்து அளவா? இந்த அளவுகோல் நம் எல்லோரிடமும் இருக்கிறது. இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

பரத்பூரில் மிதிவண்டி ரிக்‌ஷா ஓட்டுபவர்கள் பயணிகளைப் பூங்காவுக்குள் அழைத்துப்போய்ப் பறவைகளைக் காட்டுவார்கள். அவர்களில் பலர் பள்ளியில் அதிகம் படித்தவர்கள் இல்லை. பயிற்சி பெற்றார்கள். தினமும் பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். இன்று வெளிநாட்டுப் பயணிக்கும் பறவையின் பெயரைச் சொல்லி விளக்குகிறார்கள். அறிவு அவர்களுக்குக் கூலியும் தருகிறது, மரியாதையும் தருகிறது.

காலில் ஒரு கடிதம்

குளிர்காலத்தில் பல பறவைகள் வெகு தொலைவிலிருந்து பரத்பூருக்கு வரும். வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வரும். எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பறவையைப் பிடித்து, அதன் காலில் சிறிய உலோக வளையம் மாட்டிப் பறக்க விட்டார்கள். வளையத்தில் ஓர் எண் இருக்கும். பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கும்படி எழுதியும் இருக்கும். தொலைதூர நாட்டில் யாராவது அந்த வளையத்தைப் பார்த்துக் கடிதம் எழுதினால், பறவை போன வழி தெரியும். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு மீனவரோ உழவரோ எழுதும் கடிதம் அறிவியலுக்கு உதவுகிறது. எழுத்தறிவின் பயனைப் பாருங்கள்!

எருமைகள் கற்பித்த பாடம்

புத்தகம் படித்தவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடுமா? பரத்பூரிலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது.

சுற்றியுள்ள ஊர் மக்கள் காலங்காலமாகத் தங்கள் எருமைகளைப் பூங்காவுக்குள் மேய்த்தார்கள். எருமைகளால் பறவைகளுக்குக் கேடு என்று அறிஞர்கள் பலர் கருதினார்கள். 1982-இல் மேய்ச்சலைத் தடை செய்தார்கள். ஊர் மக்கள் எதிர்த்தார்கள். காவல் துறையினர் சுட்டதில் சிலர் உயிரிழந்தார்கள். பல வீடுகளில் பால் வருமானம் நின்றது.

பிறகு என்ன நடந்தது? எருமை மேயாததால் நீரில் புல் அடர்ந்து வளர்ந்தது. தண்ணீர்ப் பரப்பை மூடியது. மீன்களுக்கும் நீர்ப்பறவைகளுக்கும் இடம் குறைந்தது. பம்பாய்க் கழகத்தின் அறிஞர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து இதைக் கண்டறிந்தார்கள். எருமைகள் புல்லைத் தின்று ஏரியைத் திறந்து வைத்திருந்தன என்று எழுதினார்கள். அதன் பின் ஊர் மக்கள் உள்ளே வந்து புல் அறுத்துப்போக அனுமதி கிடைத்தது. ஆனால் போன உயிர்கள் திரும்பவில்லை.

மாடு மேய்ப்பவரின் அனுபவத்தையும் கேட்டிருந்தால் இவ்வளவு துன்பம் வந்திருக்குமா? யோசித்துப் பாருங்கள். ஏட்டறிவும் வேண்டும். பட்டறிவும் வேண்டும். இரண்டும் வண்டியின் இரண்டு சக்கரங்கள்.

எப்படிப் படிப்பது?

1. படத்திலிருந்து தொடங்குங்கள். தடித்த புத்தகத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். தினம் ஒரு பறவை, ஒரு விலங்கு போதும்.

2. போகும் இடத்துக்கு ஏற்ற புத்தகத்தைத் தேடுங்கள். ஏரிக்குப் போனால் பறவைப் புத்தகம். புலிக்காட்டுக்குப் போனால் விலங்குகளின் தடமும் குரலும் சொல்லும் புத்தகம். ஊர் நூலகரைக் கேளுங்கள். பள்ளி நூலகத்தில் இருந்தால் பிள்ளைகள் எடுத்து வரலாம்.

3. புத்தகத்தின் ஆண்டைப் பாருங்கள். பழைய புத்தகங்களில் சைபீரியக் கொக்கு பரத்பூருக்கு வரும் என்று இருக்கும். 2002-க்குப் பிறகு அது அங்கே வரவில்லை. வரும் வழியில் வேட்டையாடினார்கள். தங்கும் நீர்நிலைகளும் கெட்டுப்போயின. கார்பெட் காலத்தில் வேட்டைக்கு அனுமதி இருந்தது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது.

4. ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டுப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

5. காட்டுக்குள் சத்தம் போடாதீர்கள். பளிச்சென்ற நிறத்தில் துணி உடுத்த வேண்டாம். குரங்குக்கும் மானுக்கும் தின்பண்டம் கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

பரத்பூர் தொலைவில் இருக்கலாம். கார்பெட் பூங்காவுக்குப் போகப் பணம் இல்லாமல் இருக்கலாம். கவலை வேண்டாம். உங்கள் ஊர்க் கண்மாயிலும் பறவை வரும். முதலில் அங்கே போங்கள்.

சொற்பொருள்

ஊகித்தல் – அடையாளத்தை வைத்து அறிதல்
ஆட்கொல்லி – மனிதரைக் கொல்லும் விலங்கு
பட்டறிவு – அனுபவத்தால் வரும் அறிவு
கண்மாய் – ஏரி

பதில் சொல்லுங்கள்

1. இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா எது? எந்த ஆண்டு அறிவிக்கப்பட்டது?
2. சம்பாவத் புலி ஏன் மனிதரைக் கொன்றது?
3. பறவையின் காலில் வளையம் மாட்டுவது எதற்காக?
4. எருமைகளைத் தடுத்ததால் ஏரிக்கு என்ன ஆயிற்று?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் மேய்ச்சல் நிலம், ஏரி, காடு பற்றி யார் முடிவு செய்கிறார்கள்? அங்கே வேலை செய்பவர்களின் அனுபவத்தைக் கேட்கிறார்களா?

செய்து பாருங்கள்

ஈரமண்ணில் பூனையின் தடத்தையும் நாயின் தடத்தையும் பாருங்கள். எதில் நகம் பதிந்திருக்கிறது? இரண்டையும் நோட்டில் வரையுங்கள். கீழே உங்கள் பெயரும் தேதியும் எழுதுங்கள். காட்டைப் பற்றிய உங்கள் முதல் பக்கம் அதுதான்.