முப்பதாயிரம் ரூபாய்க்கு எந்த லேப்டாப்?

மே மாதம் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் மும்பையில் எங்கள் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் தெரிந்தவர்கள் என்னைத் தேடி வருவார்கள். "அண்ணே, பாப்பாவுக்கு பி.எஸ்சி. ஐ.டி. கெடைச்சிரும் போலிருக்கு. லேப்டாப் வேணும்ங்கா. முப்பதாயிரத்துக்குள்ள எது நல்ல கம்பெனி?" அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். அதனால்தான் என்னிடம் வருகிறார்கள். கம்பெனிப் பெயரை நான் உடனே சொல்வதில்லை. டெல், ஹெச்பி, லெனோவோ, ஏசர், ஆசஸ் எல்லாவற்றிலும் நல்ல மாடலும் உண்டு, தொடக்கூடாத மாடலும் உண்டு. நான் திருப்பிக் கேட்பது மூன்று கேள்விகள். அட்மிஷன் முடிந்துவிட்டதா? வீட்டில் எங்கே உட்கார்ந்து படிப்பாள்? பணம் எங்கிருந்து வருகிறது?

அட்மிஷன் முடியாமல் வாங்க வேண்டாம். இன்ஜினீயரிங் சேர்க்கைச் சுற்றுகள் ஆகஸ்ட் வரை இழுக்கும். மெக்கானிக்கல் என்று நினைத்திருந்தவனுக்குக் கடைசியில் கம்ப்யூட்டர் கிடைக்கும், கம்ப்யூட்டர் என்று இருந்தவள் பி.காமுக்குப் போவாள். பி.காம்., பி.ஏ. பிள்ளைகள் முதல் செமஸ்டரைக் கல்லூரி லேபிலும் போனிலும் ஓட்டிவிடலாம். பி.எஸ்சி. ஐ.டி., பி.சி.ஏ., இன்ஜினீயரிங் என்றால் ஆரம்பத்திலிருந்தே தேவை. கல்லூரி திறந்த முதல் வாரத்தில் இரண்டாம் வருட மாணவர்களிடம் என்னென்ன சாஃப்ட்வேர் ஓட்டுகிறார்கள் என்று கேட்டுவரச் சொல்லுங்கள். இந்த விலையில் டேலி, ஆட்டோகேட் இரண்டுக்கும் விண்டோஸ் மெஷின்தான் வழி. சி, ஜாவா, பைத்தான் எழுத லினக்ஸே தாராளம். இந்த விசாரணை முடிவதற்குள் சுதந்திர தினத் தள்ளுபடிகளும் வந்துவிடும்.

இரண்டாவது கேள்விதான் எங்கள் பகுதிக்கு முக்கியமானது. கடைக்காரரும் யூடியூபில் பேசுகிறவரும் மேசை, நாற்காலி, ஏசி உள்ள வீட்டை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். கேம்ப்பில் பல வீடுகள் பத்துக்குப் பத்து ரூம். மேலே ஒரு தட்டு, ஏறிப்போக நெட்டுக்குத்தலாக ஓர் இரும்பு ஏணி. படிப்பது அந்த மேல்தட்டில், தரையில் உட்கார்ந்து, மடியில் வைத்து. ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடி மறு கையில் இரண்டரைக் கிலோ கேமிங் லேப்டாப்போடு தினமும் ஏறி இறங்குவது ஆபத்து. பதினான்கு அங்குலத் திரை, ஒன்றரைக் கிலோவுக்குள் எடை என்பது என் முதல் நிபந்தனை.

இரவு பதினொரு மணிக்கு மேல் வீட்டில் மற்றவர்கள் தூங்க வேண்டும், லைட்டை அணைத்துவிடுவார்கள். படிக்கிற பிள்ளைக்கு அப்போது கீபோர்டுக்கு அடியில் எரியும் வெளிச்சம் பெரிய உதவி. இதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பாயிலோ மெத்தையிலோ நேரடியாக வைத்தால் அடிப்பக்கக் காற்றுத் துளைகள் அடைபட்டு மெஷின் கொதிக்கும். தகரக் கூரையின் கீழ் மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். ஒரு பலகைத் துண்டு வாங்கிக் கொடுங்கள், போதும். ஒரே பிளக் பாயிண்டை ஃபேனும் நாலு போன்களும் பங்குபோடும் வீட்டில் பேட்டரியும் முக்கியம். பெட்டியில் 'வாட் அவர்' என்று ஓர் எண் இருக்கும். ஐம்பதுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது.

இனி மெஷினுக்குள் வருவோம். பிறகு மாற்ற முடியாதது எதுவோ அதில் முதலில் பணத்தைப் போடுங்கள், பிறகு மாற்றக்கூடியதில் மிச்சம் பிடியுங்கள். பிராசசரை மாற்ற முடியாது. திரையை மாற்றுவது செலவு. பல மலிவு மாடல்களில் ரேம் போர்டோடு பற்றவைத்திருக்கும், கூட்டவே முடியாது. ரைசன் 3 7320யு போட்ட லேப்டாப்கள் அப்படித்தான். அதில் 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். எஸ்எஸ்டியை மட்டும் பெரும்பாலான மெஷின்களில் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம். அதனால் 512 ஜிபி எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் உள்ளதைவிட, 256 ஜிபி எஸ்எஸ்டியும் 16 ஜிபி ரேமும் உள்ளது மேல். குறைந்தது, ரேமுக்கு ஒரு ஸ்லாட் காலியாக இருக்க வேண்டும். செலரான் பிராசசரும், எஸ்எஸ்டிக்குப் பதில் இஎம்எம்சி போட்டதும் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். ஆறே மாதத்தில் பிள்ளை கண்கலங்கி நிற்கும். திரை ஃபுல் ஹெச்டியாக, ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். பக்கவாட்டில் நின்று பாருங்கள், நிறம் வெளுத்துப்போனால் அது மட்டமான திரை.

2025 கடைசியிலிருந்து மெமரி சிப் விலை உலகம் முழுக்க ஏறிவிட்டது. முப்பதாயிரத்துக்குப் புதிதாகக் கிடைப்பவற்றில் எனக்குத் திருப்தியானவை மிகக் குறைவு. அதனால் நான் பலருக்கும் வாங்கிக் கொடுப்பது அலுவலகத்திலிருந்து வெளிவரும் பழைய மெஷின்கள். ஐ.டி. கம்பெனிகளும் வங்கிகளும் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடுவார்கள். லெனோவோ திங்க்பேட், டெல் லாடிடியூட், ஹெச்பி எலீட்புக் என்ற வரிசைகள் இவை. உடம்பு உறுதி, கீபோர்டு அருமை, எடை குறைவு, உதிரி பாகம் எளிதில் கிடைக்கும். அதே தரத்தில் புதிது வாங்கினால் ஆகும் தொகையில் பாதிகூட ஆகாது. 'செகண்ட் ஹேண்டா' என்று பெற்றோர் முகம் சுளிப்பார்கள். நாலு வருடம் ஓடும் என்று நான் தைரியமாகச் சொல்வது இந்த மெஷின்களைத்தான்.

வாங்குவதற்குக் கம்ப்யூட்டர் கடைகள் உள்ள லாமிங்டன் ரோடு போகலாம். டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்பது அதன் முறையான பெயர், ஆனால் அப்படிக் கேட்டால் பலருக்கு வழி தெரியாது. மாகிமில் ஸ்லோ வண்டி ஏறி கிராண்ட் ரோட்டில் கிழக்குப் பக்கம் இறங்கினால் நடக்கும் தூரம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். முதல் கடையிலேயே வாங்கிவிடாமல் நாலைந்து கடைப் படியாவது ஏறி இறங்குங்கள்.

கடைக்காரர் 'ஐ5' என்றதும் மயங்கிவிடக் கூடாது, முழு எண்ணையும் கேளுங்கள். ஐ5-8350யு என்றால் எட்டாம் தலைமுறை, ஐ5-1135ஜி7 என்றால் பதினோராம் தலைமுறை. எட்டுக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளைப் பொதுவாக 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஆறு, ஏழாம் தலைமுறை மெஷின்களில் குறுக்குவழியில் விண்டோஸ் 11 ஏற்றி விற்கிறார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும், பிறகு அப்டேட்டில் தகராறு வரும்.

அடுத்து பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே அந்த வசதி உண்டு. புதிதில் இருந்த கொள்ளளவும் இப்போது நிற்கும் கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் வரும். பாதிக்குக் கீழே இருந்தால் புதுப் பேட்டரி போட்டுத் தரச் சொல்லிப் பேரம் பேசுங்கள். ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டாலோ, விண்டோஸ் தொடங்கும்போது ஏதோ கம்பெனியின் லாகின் வந்தாலோ அந்த மெஷின் வேண்டாம். எல்லா கீயையும் அழுத்திப் பாருங்கள். கேமரா, மைக், யூஎஸ்பி ஓட்டைகள், வைஃபை எதையும் விடாதீர்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் அடுத்த கடைக்குப் போங்கள். கடைசியாக, சீரியல் நம்பர் எழுதிய பில்லும் எழுத்தில் வாரண்டியும். பில் தராத கடையில் வாங்கினால் திருட்டுப் பொருளும் கைக்கு வரலாம்.

ஊரிலிருந்து ஒரு யோசனை வரும். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சொந்தக்காரப் பிள்ளைகள் பலர் மெஷின் வாங்கினார்கள். அந்தப் பழையவற்றை யாராவது விலைக்குத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். அது விற்பதற்குக் கொடுத்ததும் இல்லை, இன்றைய பாடத்துக்கு ஈடுகொடுக்கும் வேகமும் அதில் இல்லை. இந்தத் திட்டத்தில் மும்பையில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இடமில்லை என்பது எனக்கு ஆண்டுதோறும் உறுத்தும் விஷயம்.

மூன்றாவது கேள்வி, பணம். அதற்கு வட்டிக்காரரிடம் போக வேண்டாம். சீட்டை முன்கூட்டித் தள்ளி எடுத்தாலும் நஷ்டம்தான். கல்விக் கடன் வாங்குகிறவர்கள் படிப்புக்குத் தேவையான கம்ப்யூட்டர் செலவையும் சேர்த்துக் கேட்கலாம், வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் அதற்கு இடம் உண்டு. வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்தில் பிராசசிங் கட்டணமும் வட்டி மீதான ஜிஎஸ்டியும் ஒளிந்திருக்கும், மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். சாஃப்ட்வேருக்குச் செலவு செய்யாதீர்கள். கல்லூரி ஈமெயில் இருந்தால் பல கல்லூரிகளில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் இலவசமாகக் கிடைக்கும், இல்லாவிட்டால் லிப்ரேஆபீஸ். ஏஐ பாடத்துக்கென்று விலை கூடிய கிராபிக்ஸ் கார்டும் தேவையில்லை. கூகுள் கோலாப் ஆரம்பப் பயிற்சிக்குப் போதும்.

மழைக்காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, சயனிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் தண்ணீர் நிற்கும். பைக்குள் தடித்த பிளாஸ்டிக் உறை கட்டாயம். சாதாரண வாரண்டி தண்ணீர்ச் சேதத்துக்குப் பொருந்தாது. நனைந்துவிட்டால் ஆன் செய்து பார்க்காமல் சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, கடைக்குக் கொண்டுபோங்கள்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். மகளுக்கு என்று வாங்கிய லேப்டாப்பில் சாயங்காலம் அண்ணன் படம் பார்ப்பதையும், தம்பி கேம் ஆடிவிட்டுச் சார்ஜ் தீர்ந்த மெஷினைக் கொடுப்பதையும் பல வீடுகளில் பார்க்கிறேன். மேல்தட்டு காலியாகி, சத்தம் அடங்கி, அவள் படிக்க உட்காரும் நேரம் இரவில் ஓர் இரண்டு மணிநேரம்தான். கடைக்கு அவளையும் அழைத்துப் போங்கள், கீபோர்டை அவளே தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். பில்லை அவள் பெயரிலேயே போடுங்கள், பாஸ்வேர்டும் அவளிடமே இருக்கட்டும்.