கம்பியில்லாக் கருவிக்கு மாற்று ஏரியல்: அங்கீகாரம் கெடாமல் வாங்குவது எப்படி?

பில் மிஷின், எலக்ட்ரானிக் தராசு, கிடங்கில் வைக்கும் வை-ஃபை பெட்டி என்று கம்பியில்லாமல் இயங்கும் கருவிகள் இன்று நமது கடைகளில் பெருகிவிட்டன. ஏரியல் ஒடிந்தால், "இது நீளமானது, பவர் அதிகம்" என்று ஏதோ ஒன்றை மாட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். நம் வணிகர்களில் இக்கருவிகளை மொத்தமாகத் தருவித்து விற்போரும் உண்டு. ஆகவே இப்பாடம் வாங்குவோர், விற்போர் இருவருக்கும் வேண்டியதே.

கருவிக்குள் ரேடியோ வேலையைச் செய்வது தபால்தலை அளவுள்ள ஒரு சிறு தகடு. இதை மாட்யூல் என்பர். இதைத் தயாரிப்பவரே ஓர் ஏரியலுடன் சோதனைக்கூடத்தில் சோதித்து அங்கீகாரம் பெற்று விற்கிறார். அமெரிக்காவில் எஃப்.சி.சி. என்னும் ஆணையம் இதற்கு எண் வழங்குகிறது. நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு ஈ.டி.ஏ. என்னும் ஒப்புதலை வழங்குகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கீகாரம் தகட்டுக்கு மட்டும் உரியதன்று. சோதனையில் மாட்டியிருந்த ஏரியலையும் சேர்த்தே அது கிடைத்தது. தராசைத் திறந்து பழுது பார்த்தால் மறுபடி முத்திரையிட வேண்டும் என்பது நமக்குத் தெரியும். இதுவும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஏரியல் தானாகச் சக்தியை உண்டாக்குவதில்லை. பெட்ரோமாக்ஸ் விளக்கின் பின்னால் தகடு வைத்தால் ஒளி ஒரு பக்கம் குவிவதுபோல், உள்ள சக்தியைக் குவிக்கிறது. அந்தக் குவிப்பின் அளவே டி.பி.ஐ. எனப்படுகிறது. ஒவ்வொரு 3 கூடும்போதும் குவியும் திசையில் சக்தி இரட்டிப்பாகும். 100 மில்லிவாட் தகட்டில் 3 டி.பி.ஐ. ஏரியல் இருந்தால், அத்திசையில் 200 மில்லிவாட்டுக்குச் சமம், 9 டி.பி.ஐ. மாட்டினால் 800.

மாற்று ஏரியலுக்கு எஃப்.சி.சி. விதி கூறுவது எளிது. சோதித்த ஏரியலின் அதே வகையாக இருக்க வேண்டும்; டி.பி.ஐ. அதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் மறுசோதனை தேவையில்லை. சோதித்தது 3 டி.பி.ஐ. குச்சி ஏரியல் என்று வைத்துக்கொள்வோம். 2 டி.பி.ஐ. குச்சி ஆகும். 5 டி.பி.ஐ. குச்சி ஆகாது. 2 டி.பி.ஐ. பலகை ஏரியலும் ஆகாது. அளவு குறைவென்றாலும் வகை வேறு. ஆகாததையே போட விரும்பினால், அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளர் மூலம் சோதித்து அதைச் சேர்க்கவேண்டும்.

"800 மில்லிவாட் தானே, உச்சவரம்புக்குள் இருக்கிறதே" என்று விற்பனையாளர் வாதிடக்கூடும். 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005-ல் வெளியான இந்திய அறிவிக்கை 4 வாட் வரை அனுமதித்தது உண்மை. ஆனால் வரம்பு வேறு, அங்கீகாரம் வேறு. குவிப்பு கூடும்போது நமக்குரிய அலைவரிசையின் ஓரத்தில் கசியும் அலையும் கூடும். அந்தக் கசிவை எவரும் அளந்து பார்க்கவில்லை என்பதே சிக்கல். பக்கத்துக் கடையின் பில் மிஷினும் இதே அலைவரிசையில்தான் பேசுகிறது என்பதையும் மறக்கலாகாது. மேலும், ஐரோப்பாவில் இதே அலைவரிசைக்கு ஏரியலையும் சேர்த்து 100 மில்லிவாட் தான் வரம்பு. ஏற்றுமதி செய்வோர் ஒரு நாட்டுக் கணக்கை மறுநாட்டில் காட்ட இயலாது.

முனையையும் பார்த்து வாங்குக. எஸ்.எம்.ஏ., ஆர்.பி.-எஸ்.எம்.ஏ. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும், மரையும் ஏறிவிடும். ஆனால் நடுவில் ஊசியும் துளையும் இடம் மாறியிருக்கும். தவறாக மாட்டினால் துளையோடு துளை நின்று தொடர்பே கிடைக்காது. அல்லது ஊசியோடு ஊசி மோதி முனை கெடும். கண்ட ஏரியலை மாட்டக்கூடாது என்பதற்காக எஃப்.சி.சி. தனிவகை முனை கேட்டதால் பரவியதே இந்த ஆர்.பி. வகை.

கொள்முதலின்போது கேட்க வேண்டியவை:

1. மாட்யூலின் பெயரும் அங்கீகார எண்ணும்.
2. அது எந்த வகை, எத்தனை டி.பி.ஐ. ஏரியலுடன் சோதிக்கப்பட்டது என்ற தாள்.
3. மாற்று ஏரியலின் வகை, டி.பி.ஐ., முனை ஆகியவை குறித்த தயாரிப்பாளர் தாள்.
4. கருவிக்கு ஈ.டி.ஏ. நகல்.

நான்கும் கைக்கு வந்தபின் முன்பணம் கொடுப்பதே நலம். விலைச் சலுகையில் 500 ஏரியல் வாங்கிக் கருவிகளில் மாட்டி அனுப்பியபின் கேள்வி எழுந்தால், ஏரியலின் விலையோடு நட்டம் நிற்காது. கருவி முழுவதும் விற்கமுடியாத சரக்காகிவிடும். கடைக்காரர்கள், ஒடிந்த ஏரியலை எறிந்துவிடாமல் கையில் எடுத்துச் சென்று, அதே வகை, அதே அளவு கேட்டு வாங்குமாறு வேண்டுகிறோம்.