மருந்துப் பெட்டிக்கு முன்னால் ஒரு நோட்டு வாங்கு: பள்ளிக்கூட நர்ஸுக்கு அக்காவின் டிப்ஸ்

நர்சிங் முடித்த கையோடு அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்திருப்பாய். இல்லையென்றால் டீச்சராகப் போன இடத்தில், "உங்களுக்குத்தான் கொஞ்சம் விவரம் தெரியும்" என்று சொல்லி முதலுதவிப் பெட்டிச் சாவியை உன் கையில் திணித்திருப்பார்கள். பாளையம்பட்டி, திருச்சுழி வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் பள்ளிக்கென்று தனி நர்ஸ் கிடையாது. பி.டி. சாரோ, தையல் டீச்சரோ, சுகாதார நிலையத்திலிருந்து வந்துபோகும் நர்ஸம்மாவோதான் பார்க்கிறார்கள். நீ யாராக இருந்தாலும் சரி, ஐந்து நிமிஷம் உட்கார். அக்கா சொல்வதைக் கேட்டுவிட்டுப் போ.

மாத்திரை கொடுப்பது இந்த வேலையில் கால்வாசிதான். பிள்ளையைப் பார்ப்பது, பார்த்ததை எழுதுவது, சொல்ல வேண்டியவரிடம் சொல்வது, மறுநாள் "இப்ப எப்படி இருக்கு?" என்று திரும்பக் கேட்பது, இவைதான் மீதி முக்கால்வாசி. எல்லோரும் தவறுவது அந்த முக்கால்வாசியில்தான்.

1. முதல் வேலை நோட்டு

கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கு. பிள்ளைக்கு ஒரு பக்கம். பெயர், வகுப்பு, எடை, வலிப்பு உண்டா, வீசிங் உண்டா, இதயக் கோளாறு, சர்க்கரை, எந்த மருந்து ஒத்துக்காது. அதற்குக் கீழே மூன்று போன் நம்பர். ஒன்று போதாதா என்று கேட்காதே. அம்மா மில்லில் ஷிப்டில் இருப்பாள், போன் கையில் இருக்காது. அப்பா விசைத்தறிச் சத்தத்தில் இருப்பார், மணி அடித்தாலும் கேட்காது. பக்கத்து வீட்டு ஆச்சி நம்பர்தான் பல நாள் கைகொடுக்கும். ஜூன் மாதமே வாங்கிவிடு. பிள்ளை மயங்கிக் கிடக்கும்போது அட்மிஷன் பாரத்தைத் தேடி ஓடாதே.

ஒவ்வொரு முறையும் தேதி, மணி, என்ன சொன்னான், என்ன பார்த்தாய், என்ன கொடுத்தாய், யார் வந்து கூட்டிப் போனார் என்று எழுது. "வயித்துவலி, சரியாயிருச்சு" என்று ஒரு வரி கிறுக்காதே. ஒழுங்காக எழுதினால் நோட்டே உனக்குச் சொல்லும்: ஒரே வகுப்பில் ஐந்து பேருக்கு வயிற்றுப்போக்கா, தண்ணீர்த் தொட்டியைப் பார். ஒருத்திக்கு மட்டும் கணக்குப் பீரியடில் வயிற்றுவலியா, வகுப்பில் என்ன நடக்கிறதென்று விசாரி.

2. மருந்தில் தாராளம் காட்டாதே

- வீட்டுச் சம்மதம் எழுத்தில் இல்லாமல் எந்த மாத்திரையும் கொடுக்காதே. ஆன்டிபயாடிக் பக்கமே போகாதே.
- பாராசிட்டமால் வயசுக்கு அல்ல, எடைக்கு. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 20 கிலோ பிள்ளைக்கு 300 மில்லிகிராம்தான். "அஞ்சாங்கிளாஸ்தானே, ஒண்ணு முழுசாப் போடு" என்ற பேச்சே கூடாது. காலையில் வீட்டில் கொடுத்தார்களா என்று கேட்ட பிறகே கொடு. குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி வேண்டும்.
- இருமல் சிரப்பைப் பெட்டியிலேயே வைக்காதே. 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம் நச்சு கலந்த இருமல் மருந்து குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போனார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். எங்கேயோ நடந்தது என்று தள்ளிவிடாதே.
- வீசிங் உள்ள பிள்ளையின் இன்ஹேலரை வாங்கி பீரோவில் பூட்டாதே. அது அவன் பையிலேயே இருக்கட்டும். மூச்சு முட்டும்போது சாவி தேட நேரம் கிடையாது.
- மாதக் கடைசியில் காலாவதித் தேதியைப் பார். பழசைத் தூக்கிப் போடு, மனசு கேட்காவிட்டாலும்.

3. வெயிலும் வெறும் வயிறும்

நம் சீமையில் பிரேயர் நேரத்தில் பிள்ளை சுருண்டு விழுந்தால், வியாதியைத் தேடும் முன் "காலையில் என்ன சாப்பிட்ட?" என்று கேள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. ஆனால் அது ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்குப் பசி மட்டும் நின்றுவிடுமா? விடிகாலையிலேயே வேலைக்குப் போகிற வீடுகளில் அடுப்பு பற்றவைக்க ஆளிருக்காது. ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பெயர்களை நோட்டில் தனியாகக் குறித்து வை. ஹெச்.எம்.மிடம் நேராகப் போய்ச் சொல், வெட்கப்படாதே. ஒரு பாக்கெட் பிஸ்கட்டில் தீரும் மயக்கத்துக்கு ஊசி தேவையில்லை.

மயங்கி விழுந்தால் நிழலில் படுக்கவை, காலைச் சற்று உயர்த்து, சுற்றி நிற்கும் கூட்டத்தை விரட்டு. நினைவு முழுதாக வரும்வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாதே; புரையேறினால் நுரையீரலுக்குப் போய்விடும். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது சாதாரண மயக்கம் இல்லை. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் விட்டு விசிறிக்கொண்டே இரு.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரித்து டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுகிறார்கள். அது தப்பு. பெரிய பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் குடிநீரில் கரை. மறுநாளைக்கு வைக்காதே.

இன்னொன்று: பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதில்லை. கேரளாவில் 2019-ல் வந்த வாட்டர் பெல், தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 2025-ல் வந்தது. மணி அடித்தால் மட்டும் போதுமா? கழிப்பறைத் தாழ்ப்பாள் விழுகிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா, நீ போய்ப் பார்.

4. வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடாதே

கையில் இரும்பைத் திணிப்பதும், பல்லுக்கு நடுவே ஸ்பூன் செருகுவதும் இன்னும் நடக்கிறது. இரும்பால் வலிப்பு நிற்காது. அது தானாக நிற்கிற நேரத்தில் சாவி கையில் இருக்கிறது, அவ்வளவுதான். ஸ்பூனால் பல்தான் உடையும். நீ செய்ய வேண்டியது: பக்கத்தில் இருக்கும் பெஞ்சை நகர்த்து, தலைக்கு அடியில் துணி வை, கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதே, மெல்ல ஒருக்களித்துப் படுக்கவை, கடிகாரத்தைப் பார். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108. தெளிந்த பிறகு அந்தப் பிள்ளையை மற்றவர்கள் வேடிக்கை பார்க்க விடாதே. உடுப்பு நனைந்திருக்கும், மாற்றிக் கொடு.

5. முள், நாய், பாம்பு

சீமைக்கருவேல முள் இங்கே அன்றாடம். தெரிகிற முள்ளை எடு, சோப்புப் போட்டுக் கழுவு, டி.டி. ஊசி போட்டாயிற்றா என்று பார். பத்து வயதிலும் பதினாறிலும் போட வேண்டியது அது. உள்ளே ஒடிந்திருந்தால் ஊசியால் நோண்டாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. முள் குத்திய இடத்தில் எருக்கம்பால் விடும் வழக்கத்தை நிறுத்தச் சொல். அந்தப் பால் பட்ட கையால் கண்ணைக் கசக்கினால் கருவிழியே புண்ணாகும்.

நாய் கடித்ததைப் பிள்ளைகள் வீட்டில் சொல்ல மாட்டார்கள், அடி விழும் என்று பயம். "குட்டிதான் டீச்சர், லேசாப் பிராண்டுச்சு" என்பான். லேசு என்பதே கிடையாது. குழாயடிக்குக் கூட்டிப் போய் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாகப் பதினைந்து நிமிஷம் கழுவு. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஊசி. பிறகு 3, 7, 28-ஆம் நாள். இந்தத் தேதிகளை நோட்டில் எழுதிவைத்து, அன்று காலை "போட்டாச்சா?" என்று நீயே கேள். முதல் ஊசியோடு நிறுத்திவிடுகிற வீடுகள் நிறைய. ரேபிஸ் வந்துவிட்டால் பிழைக்க வைக்க மருந்தில்லை.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே. நடக்க விடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, தூக்கிக்கொண்டு போ. கட்டுவிரியன் கடியில் வலியே இல்லாமல் போகலாம்; வலிக்கவில்லையே என்று காத்திருக்காதே. பார்வை பார்ப்பது, மந்திரிப்பது என்று யாராவது கிளம்பினால் குறுக்கே நில். மருந்து இருப்பது அரசு ஆஸ்பத்திரியில்.

6. பேனுக்கும் அம்மைக்கும் பிள்ளையை அவமானப்படுத்தாதே

1902-ல் நியூயார்க்கில் லீனா ராஜர்ஸ் என்ற நர்ஸை நான்கு பள்ளிகளுக்குச் சோதனையாக அனுப்பினார்கள். அதுவரை பேன், படை, கண்நோய் என்று டாக்டர்கள் பிள்ளைகளை வீட்டுக்கு விரட்டிக்கொண்டிருந்தார்கள். போன பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்க ஆளில்லை. அந்த அம்மா பள்ளியிலேயே மருந்து போட்டார், வீட்டுக்கே போய்த் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு வருஷத்தில் அப்படி வெளியே நின்ற பிள்ளைகள் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். பள்ளிக்கூட நர்ஸ் வேலை அமெரிக்காவில் நிலைத்தது அப்படித்தான். ஆகவே பேன் இருக்கிற பெண்ணைத் தனி பெஞ்சில் உட்காரவைக்கும் வழக்கத்தை நீ நிறுத்து. சீப்பும் மருந்தும் கொடு, அம்மாவிடம் தனியாகச் சொல், வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் போடச் சொல்.

அம்மை போட்டிருந்தால் வேப்பிலை கட்டட்டும், அதில் உனக்கென்ன? அவர்கள் நம்பிக்கையோடு சண்டை போட்டால் அடுத்த முறை உன்னிடம் சொல்லவே மாட்டார்கள். டாக்டரிடம் காட்ட வேண்டும், ஆஸ்பிரின் கூடாது, எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகே வகுப்பு. இந்த மூன்றை மட்டும் அழுத்திச் சொல். புட்டாளம்மைக்கு வீக்கம் தொடங்கி ஐந்து நாள் வீட்டில்.

7. மாத்திரை நாட்கள்

- வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகுதான். மலம் கறுப்பாகப் போகும் என்று முன்கூட்டியே தாய்மார்களுக்குச் சொல்லிவிடு. சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள்.
- குடற்புழு மாத்திரையைக் கடித்து மென்று தின்னச் சொல், உன் கண் முன்னால். காய்ச்சல் உள்ளவனுக்கு அன்று வேண்டாம். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் தனியே கூட்டிப் போ. பார்த்துப் பார்த்தே பத்துப் பேர் எடுப்பார்கள்.

8. மூக்கும் பல்லும், சுருக்கமாக

மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்கச் சொல்லாதே. முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிஷம் பிடி. விழுந்தது பால்பல் இல்லையென்றால் வேரைத் தேய்க்காமல் பாலில் போட்டு உடனே பல் டாக்டரிடம் ஓடு.

9. பெண் பிள்ளைகள்

பீரோவில் நாப்கினோடு இரண்டு மாற்றுப் பாவாடையும் வை. கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு அரசின் புதுயுகம் திட்ட நாப்கின் உண்டு. வந்து சேர்கிறதா என்று நர்ஸம்மாவிடம் கேள். பள்ளியில் வைத்து வயதுக்கு வந்தால் அவளிடம் மெதுவாகப் பேசு, ஊருக்கே அறிவிக்காதே. சடங்கு முடிந்து இரண்டு வாரம் தாண்டியும் அவள் வரவில்லை என்றால் சும்மா இருக்காதே. கல்யாணப் பேச்சு நடக்கலாம். பதினெட்டுக்குள் கல்யாணம் சட்டப்படி குற்றம்; 1098-க்குச் சொல்.

10. ரகசியமாக ஒரு பிள்ளை சொன்னால்

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று தொடங்கும் பேச்சுக்கு நீ சத்தியம் செய்யாதே. கேள், நம்பு, அவள் வார்த்தையிலேயே எழுதிக்கொள். திரும்பத் திரும்பக் குடையாதே. குற்றம் செய்தவனைக் கூப்பிட்டு விசாரிக்காதே. 2012 போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் எவரும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. "பள்ளி பெயர் கெட்டுரும், பேசி முடிச்சுக்கலாம்" என்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு நீ அடங்கினால், அந்தப் பிள்ளைக்கு அடுத்து போக ஒரு கதவு கிடையாது.

11. மாதம் ஒரு முறை சுற்றி வா

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ல் சமையல் கொட்டகைத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் கருகினார்கள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு எல்.கே.ஜி. குழந்தை பள்ளிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. இரண்டும் யாராவது ஒருத்தர் முந்தின நாள் சுற்றிப் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கக்கூடியவை. ஆகவே தொட்டி மூடி, சமையலறை கேஸ், வழியை அடைத்த பழைய பெஞ்சு, தொங்கும் வயர், எல்லாவற்றையும் பார்த்து ஹெச்.எம்.முக்கு எழுத்தில் கொடு. நகலை உன் நோட்டில் ஒட்டு. பட்டாசு மாவட்டம் இது. தீபாவளிக்கு முன் தீக்காயப் பாடம் நடத்து: இருபது நிமிஷம் ஓடுகிற தண்ணீர், பேஸ்ட்டும் இங்க்கும் கூடாது.

12. இன்றைக்கே சுவரில் எழுது

ஆம்புலன்ஸ் 108. மருத்துவ ஆலோசனை 104. குழந்தைகள் உதவி 1098. பள்ளிக் கல்வி உதவி 14417. பெரிய எழுத்தில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை எட்டிப் படிக்கிற உயரத்தில் எழுது. நீ லீவில் இருக்கிற நாளிலும் யாராவது கூப்பிட வேண்டும்.